இந்தியச் சிறை எழுத்துகளில் காவல் பணியாளர் – ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழில் சிறை பற்றிய பதிவுகள் சங்க காலம் முதற்கொண்டே கிடைக்கின்றன. புறநானூற்றின் 74ஆம் பாடல், குடவாயிற் கோட்டத்துச் சிறையில் இருந்த சேரமான் கணைக்கால் இரும்பொறையின் பாடலாகும். தண்ணீர் வேண்டிய மன்னனுக்கு அது உடனே கிடைக்கவில்லை என்றும், காலம் தாழ்த்துத் தரப்பட்ட நீரைப் பருகாமலே அவன் உயிர் நீத்தான் என்றும் அப்பாடலின் பழங்குறிப்பு கூறுகிறது. மணிமேகலையின் 19ஆம் காதையான 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை'யில், அமுதசுரபியால் கைதிகளின் பசி தீர்க்கப்படுவதைக் கண்டு வியந்த காவலர், அச்செய்தியை அரசனிடம் கொண்டு செல்கின்றனர். சிறைக்கோட்டம் அறக்கோட்டமாவதற்கு அச்செய்தியே வழி வகுக்கிறது. முதற்பதிவில் காவலர் நீரைத் தாழ்த்தியவர். இரண்டாவதில் கண்டதைச் சொன்னவர். இரண்டிலும் அவருக்குப் பெயரில்லை. அவர் கூற்றாக அமைந்த தனிப்பாடலும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் சிறை எழுத்து இந்திய மொழிகள் பலவற்றில் ஒரு தனி வகையாக வளர்ந்தது. அதனை ஆராய்ந்தோர் பெரும்பாலும் கைதியின் தன்வரலாறு, விடுதலை இயக்க வரலாறு, தண்டனையின் அறம் ஆகியவற்றிலேயே கருத்தைச் செலுத்தினர். பூட்டின் வெளிப்பக்கம் நின்று சாவியை ஏந்தியவர் ஆய்வுப் பொருளாகவில்லை. அவர் பின்புலமாகவே எஞ்சினார். இந்திய எழுத்துகளிலும் திரைப்படங்களிலும் சிறைக் காவல் பணியாளர் எவ்வாறு படைக்கப்பட்டுள்ளார், அவரைப் பற்றி எழுதியவர் யார், எழுதாதவர் யார், அந்த எழுதாமையின் விளைவு யாது என்னும் வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது. 'காவல் பணியாளர்' என்னும் சொல் இங்கு வார்டர் முதல் ஜெயிலர், கண்காணிப்பாளர் வரையுள்ள அனைவரையும் குறிக்கும். எனினும் இவர்கள் ஒரே தட்டில் நிற்பவர் அல்லர் என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

சட்டம் வரைந்த காவலர்

இலக்கியம் காவலரைப் படைப்பதற்கு முன்பே சட்டம் அவரைப் படைத்துவிட்டது. 1894ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்தியச் சிறைகளுக்கு அடிப்படையாக இருந்து வந்துள்ளது. 2023இல் ஒன்றிய அரசு மாதிரிச் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் சட்டத்தை வகுத்து மாநிலங்களுக்கு அனுப்பியது. ஆயினும் காவல் பணியின் அமைப்பைப் புரிந்துகொள்ள 1894ஆம் ஆண்டுச் சட்டத்தையே படிக்க வேண்டியுள்ளது.

அச்சட்டத்தின்படி ஜெயிலர் சிறையிலேயே குடியிருக்க வேண்டும். வேறிடத்தில் குடியிருக்க எழுத்து மூலமான இசைவு தேவை. கண்காணிப்பாளரின் எழுத்து மூலமான இசைவின்றி ஓரிரவுகூட அவர் சிறையை விட்டு நீங்கியிருக்கக் கூடாது. தவிர்க்க இயலாத காரணத்தால் நீங்கியிருந்தால் அதனை உடனே தெரிவித்தாக வேண்டும். கீழ்நிலைப் பணியாளரும் விடுப்பின்றி அகலக் கூடாது. உள்ளே வருவதையும் வெளியே போவதையும் சோதிக்கும் உரிமை வாயிற்காவலருக்கு உண்டு. கைதியோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வது பணியாளர் எவருக்கும் விலக்கப்பட்டுள்ளது. இரவில் எங்கே உறங்குவது, எப்போது வெளியே செல்வது, யாரோடு பழகுவது என்பனவற்றை எல்லாம் பிறர் முடிவு செய்யும் வாழ்க்கையைக் கைதியின் வாழ்க்கை என்கிறோம். அவ்வாழ்க்கையின் ஒரு பகுதியைச் சட்டம் காவலர்மீதும் சுமத்தியுள்ளது.

இதற்கு எதிர்த்திசையில் செல்லும் விதியும் அச்சட்டத்தில் உண்டு. சிறைப் பணியாளராக அமர்த்தப்பெறும் கைதிகள் தண்டனைச் சட்டத்தின் நோக்கில் பொது ஊழியராகவே கொள்ளப்படுவர் என 23ஆம் பிரிவு கூறுகிறது. 'கன்விக்ட் வார்டர்' எனத் தமிழ்ச் சிறைப் பேச்சிலும் வழங்கும் கைதிக் காவலர் இவ்விதியின் வழியே தோன்றியவர். காவலர் பாதி கைதியாகவும், கைதி பாதி காவலராகவும் ஆகும் அமைப்பு இது. எனவே சிறையில் இரு தரப்பாரைப் பிரிப்பது ஒரே மதில் என்று கொள்வதைவிட, பல படிகள் கொண்ட ஏணி ஒன்று உள்ளது என்று கொள்வதே பொருந்தும். சிறை எழுத்துகள் இந்த ஏணியைக் கண்டனவா, மதிலை மட்டும் கண்டனவா என்பது அவற்றை மதிப்பிட உதவும் அளவுகோலாகும்.

அரசியல் கைதியின் கண்ணில் காவலர்

1922 முதல் 1924 வரை எரவாடாச் சிறையில் இருந்த காந்தியடிகள், விடுதலைக்குப் பின் தம் சிறை அனுபவங்களை 'யங் இந்தியா' இதழில் தொடராக எழுதினார். அத்தொடரில் கைதிக் காவலர்களுக்கெனத் தனிப் பகுதி ஒதுக்கினார். சோமாலி நாட்டவரான ஆதன் என்னும் கைதிக் காவலரைப் பெயர் சுட்டி அன்போடு வரைந்தார். காவலரைப் பெயருடைய மனிதராக்கியது அவ்வெழுத்தின் சிறப்பாகும். எனினும் அம்மனிதரின் தன்மையை அளக்கும் கோல் காந்தியடிகளோடு அவர் கொண்ட உறவாகவே உள்ளது. காந்தியடிகள் அங்கு இல்லாத ஒரு நாளில் அக்காவலர் பிற கைதிகளிடம் எவ்வாறு நடந்துகொண்டார் என்பதை அவ்வகை எழுத்தால் சொல்ல இயலாது.

நேருவின் தன்வரலாறு (1936) இப்பொருளில் சமூகவியல் நோக்குடையது. நீண்ட காலத் தண்டனை பெற்ற கைதிகளையே மேற்பார்வையாளராக்கிச் சிறையை நடத்தும் முறையை அவர் கூர்ந்து நோக்கினார். குறைந்த செலவில் நிருவாகம் நடத்த அரசு கண்ட வழி அது என்பதை அவர் எழுத்து உணர்த்துகிறது. தனிமனிதரின் நற்குணம், தீக்குணம் என்பவற்றைக் கடந்து அமைப்பை நோக்கிய பார்வை என இதனைக் கூறலாம்.

அந்தமான் செல்லுலார் சிறை பற்றிய எழுத்துகளில் இதே கைதிக் காவலர் கொடுமையின் உருவாக நிற்கிறார். பாரீந்திரகுமார் கோஷ் 1922இலும், சாவர்க்கர் 1927இலும் வெளியிட்ட நூல்கள் இவ்வகையில் முதன்மையானவை. வார்டர், பெட்டி ஆபீசர், ஜமாதார் எனக் கைதிகளே படிப்படியாக உயர்த்தப்பட்டு, பிற கைதிகளிடம் செக்காட்டுதல் முதலிய வேலைகளை வாங்கும் பொறுப்பில் அமர்த்தப்பட்டனர். சாவர்க்கர் இக்கொடுமையைப் பெரிதும் அக்காவலரின் சமயம், இனம் ஆகியவற்றைச் சார்ந்து விளக்குகிறார். இவ்விளக்கம் ஏற்கத்தக்கதாகத் தோன்றவில்லை. தன் பதவி உயர்வும், தான் மீண்டும் செக்கில் பூட்டப்படாமல் இருப்பதும் பிறர் தரும் எண்ணெயின் அளவைப் பொறுத்தது என்னும் நிலையில் வைக்கப்பட்ட மனிதர் எச்சமயத்தவராயினும் கடுமையாளராகவே ஆக்கப்படுவார். அவ்வாறு ஆக்குவதற்காகவே அந்த ஏணி நாட்டப்பட்டது. கொடுமையைக் காவலரின் பிறப்பில் தேடும்போது, அதனைத் திட்டமிட்ட ஆட்சி பார்வையிலிருந்து தப்பிவிடுகிறது. வருணனையில் வலுவுள்ள ஒரு நூல் விளக்கத்தில் பிழைபடலாம் என்பதற்கு இது சான்றாகும்.

அரசியல் கைதியின் எழுத்தில் வர்க்க இடைவெளி ஒன்றும் உண்டு. எழுதியவர் கற்றவர், சமூக மதிப்புடையவர், காவல் காத்தவர் பெரும்பாலும் ஏழைக் குடும்பத்தவர். 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறை புகுந்து நாட்குறிப்பு எழுதிய இராஜாஜி, 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அவரைப் பூட்டிய வார்டர் எவரேனும் அப்போதும் பணியில் இருந்திருப்பின், தாம் பூட்டியவரின் ஆட்சியிலேயே அவர் ஊதியம் பெற்றிருப்பார். பூட்டப்பட்டவரின் நாட்குறிப்பு நூலாயிற்று. பூட்டியவர் பணிப் பதிவேட்டில் இட்ட கையொப்பமே அவருடைய எழுத்தாக எஞ்சியது.

தூக்குத் தண்டனைக் கொட்டடியின் எழுத்து இவற்றிலிருந்து வேறுபடுகிறது. தமிழில் சி. ஏ. பாலனின் 'தூக்குமர நிழலில்', தியாகுவின் 'சுவருக்குள் சித்திரங்கள்' ஆகியன இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. இருவரும் மரண தண்டனை விதிக்கப்பெற்று, அது குறைக்கப்பட்டு மீண்டவர்கள். மரண தண்டனை பெற்றவரைத் தனி அறையில் வைத்து, இரவும் பகலும் காவலர் ஒருவரின் பொறுப்பில் விட வேண்டும் என 1894ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பொதுத் தொகுதியில் நூற்றுவருக்கு நடுவே எங்கோ தெரியும் காவலர், இங்கு ஒருவருக்கு எதிரே ஒருவராக மணிக்கணக்கில் நிற்கிறார். இத்தகைய நூல்களில் காவலர் அணுக்கமான பாத்திரமாவதற்கு ஆசிரியரின் மனநிலை மட்டும் காரணமன்று. அந்த அண்மையைச் சட்டமே ஏற்படுத்தியது என்பதையும் கருத வேண்டும்.

எழுதிய அலுவலர்: ஜராசந்தர்

காவல் தரப்பிலிருந்து எழுந்த இந்திய எழுத்தில் முதலிடம் பெறத்தக்கவர் வங்க எழுத்தாளர் ஜராசந்தர். சாரு சந்திர சக்கரவர்த்தி என்பது அவரது இயற்பெயர். வங்கச் சிறைத்துறையில் அலுவலராகப் பணியாற்றிய அவர், 1950களில் 'லௌஹகபாட்' என்னும் படைப்பைப் பல பகுதிகளாக எழுதிப் புகழ் பெற்றார். 'இரும்புக் கதவு' என்பது அத்தலைப்பின் பொருள். தபன் சின்ஹா 1958இல் அதனைத் திரைப்படமாக்கினார். அவருடைய 'தாமசி' என்னும் படைப்பைத் தழுவியே பிமல் ராய் 1963இல் 'பந்தினி'யை உருவாக்கினார்.

அவர் தேர்ந்துகொண்ட புனைபெயர் ஆராயத்தக்கது. பாரதக் கதையில் ஜராசந்தன் மகத நாட்டு மன்னன். தோற்ற அரசர்களைப் பலியிடுவதற்காகச் சிறையில் அடைத்து வைத்தவன். சிறை காக்கும் ஒருவர் அப்பெயரை ஏற்பது தன்னைத்தானே எள்ளிக் கொள்வதாகும். ஆனால் அக்கதையில் மற்றொரு கூறும் உண்டு. ஜராசந்தன் இரு பிளவாகப் பிறந்து, ஜரை என்னும் அரக்கியால் ஒன்றாகப் பொருத்தப்பட்டவன். மீண்டும் இரு பிளவாகக் கிழிக்கப்பட்டே மாண்டவன். பகலில் ஆணையிடும் அலுவலராகவும், பின்னர் அதே மனிதர்களின் கதையைக் கேட்டு எழுதுபவராகவும் வாழ்ந்த ஒருவருக்கு இப்பெயர் பொருந்துவதைக் காணலாம். ஆசிரியர் இதனைக் கருதியே பெயரிட்டாரா என்பது வேறு வினா. வாசகருக்கு அப்பெயர் தரும் பொருள் இது.

ஜராசந்தரின் வலிமை கேட்பதில் உள்ளது. அவர் கதைகளில் குற்றம் முடிந்துவிட்ட ஒன்று. தண்டனையும் நீதிமன்றத்தில் முடிவானது. சிறை அலுவலருக்கு முன் வந்து நிற்பவர் மேல்முறையீட்டுக்காக வரவில்லை. ஆகவே உண்மையை மறைக்க வேண்டிய தேவை அவருக்குக் குறைவு. காவல்துறையும் வழக்கறிஞரும் கேட்காத கதையைச் சிறை அலுவலர் கேட்க முடிகிறது. இப்பணி தரும் இவ்வாய்ப்பை இலக்கிய உத்தியாக்கியது அவர் செய்த புதுமை எனலாம்.

எல்லையும் அங்கேயே உள்ளது. கேட்பவர் அலுவலராதலால், சொல்பவர் அவரது இரக்கத்தை எதிர்நோக்கியே சொல்கிறார். அலுவலர் கதையைப் பெறுகிறார். கைதி மீண்டும் கொட்டடிக்குச் செல்கிறார். கேட்டவர் நல்லவர் என்னும் உணர்வு வாசகரிடம் எஞ்சுகிறது. அக்கதை நிகழும் அறைக்கு வெளியே கைதியை அழைத்து வந்து காத்து நின்று, மீண்டும் அழைத்துச் செல்லும் வார்டரின் கதையை யாரும் கேட்பதில்லை. அலுவலர் எழுதியதால் காவல் பணியின் உள்ளம் முழுவதும் வெளிப்பட்டுவிட்டது எனக் கொள்ளலாகாது. வெளிப்பட்டது ஏணியின் மேற்படி மட்டுமே.

நல்ல அலுவலர் என்னும் கதைமாதிரி

வி. சாந்தாராம் 1957இல் இயக்கி நடித்த 'தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்' காவல் பணியாளரைக் காவியத் தலைவராக்கிய படம். கொலைக் குற்றவாளிகள் அறுவரைச் சிறைக்கு வெளியே தரிசு நிலத்துக்கு அழைத்துச் சென்று, உழைப்பாலும் நம்பிக்கையாலும் திருத்தும் ஆதிநாத் என்னும் அலுவலரின் கதை அது. ஔந்து சுதேச அரசில் 1939இல் சுதந்திரபூரில் தொடங்கப்பெற்ற திறந்தவெளிச் சிறை முயற்சி அதற்கு அடிப்படை. தமிழில் இப்படம் எம்.ஜி.ஆர். நடிப்பில் 1975இல் 'பல்லாண்டு வாழ்க' என வெளிவந்தது.

தலைப்பின் பொருள் 'இரு கண்கள், பன்னிரு கைகள்' என்பதாகும். கைகள் கைதிகளுடையவை; கண்கள் அலுவலருடையவை. உழைப்பது அறுவர், பார்ப்பது ஒருவர். திருத்தம் என்பது பார்வையின் கீழ் நிகழும் உழைப்பு என்னும் கருத்து தலைப்பிலேயே அடங்கியுள்ளது. நோக்கத்தக்க மற்றொன்று, அப்பண்ணையில் வார்டர் இல்லை என்பதாகும். படைத்தவர் அறிந்தோ அறியாமலோ, கீழ்நிலைக் காவலரை நீக்கிய பின்னரே திருத்தம் தொடங்குவதாகக் கதை அமைந்துவிட்டது. நல்லெண்ணம் மேலிருந்து வருவது, கீழ்நிலைக் காவலர் அதற்குத் தடை என்னும் எண்ணத்தை இக்கதைமாதிரி வலுப்படுத்துகிறது. படத்தின் மனிதநேயம் போற்றத்தக்கதே. ஆனால் ஒரு நாட்டின் சிறைகளை ஆதிநாத்துகளைக் கொண்டு மட்டும் நடத்த இயலாது என்பதையும் உடன் கூற வேண்டும்.

'பந்தினி' இவ்வகையில் நுட்பமானது. அதிலும் கைதியான கல்யாணியின் கதையைக் கேட்டறியும் நல்ல ஜெயிலர் உண்டு. ஆனால் இரவுக் காவலர் 'எல்லாம் சரியாக உள்ளது' எனக் குரல் கொடுப்பதையும் படம் பயன்படுத்துகிறது. ஒன்றும் சரியாக இல்லாத இரவுகளில் அக்குரல் ஒலிக்கும்போது முரண் தோன்றுகிறது. அக்குரலுக்குரியவர் பொய் சொல்லவில்லை. பூட்டுகள் சரியாக உள்ளன, எண்ணிக்கை சரியாக உள்ளது என்பதே அவர் தர வேண்டிய அறிக்கை. வேறொன்றைக் கூற அவருக்கு ஆணையில்லை. கீழ்நிலைக் காவலருக்கு இந்தியத் திரைப்படம் தந்த மிகப் பொருள் பொதிந்த இடம் இதுவாகலாம். அங்கும் அவர் குரலாக மட்டுமே வருகிறார்.

வைக்கம் முகம்மது பஷீரின் 'மதிலுகள்' என்னும் மலையாளக் குறுநாவல், நல்ல அலுவலர் கதைமாதிரிக்கு மறுமொழியாக வாசிக்கத்தக்கது. திருவனந்தபுரம் மத்தியச் சிறையில் நிகழும் அக்கதையில் கைதியான எழுத்தாளரிடம் அலுவலர்கள் அன்போடு பழகுகின்றனர்; அவர் ரோஜாத் தோட்டம் வளர்க்கிறார். பெண்கள் சிறையின் மதிலுக்கு அப்பாலிருந்து பேசும் நாராயணியை அவர் ஒருமுறையும் காண்பதில்லை. காணலாம் என்றிருந்த நாளில் விடுதலை ஆணை வருகிறது. அந்த ஆணையே பிரிவாகிறது. காவலரின் அன்பு மெய்யானது. ஆயினும் அது மதிலின் உயரத்தை ஒரு செங்கல் அளவும் குறைக்கவில்லை. தனிமனித நற்குணத்தையும் அமைப்பின் கடுமையையும் ஒருசேரக் காட்டிய இச்சமநிலை இந்தியச் சிறை எழுத்தில் அரிது.

திகார்: நிருவாகியும் சாட்சியும்

1990களுக்குப் பின் காவல் தரப்பு எழுத்து தன்வரலாறாக வெளிப்படத் தொடங்கியது. 1993 முதல் 1995 வரை தில்லிச் சிறைகளின் தலைவராக இருந்த கிரண் பேடி, திகாரில் மேற்கொண்ட மாற்றங்களை 1998இல் நூலாக எழுதினார். கொள்ளளவைப் பன்மடங்கு மிஞ்சிய கைதிகள், கல்வி, மனுப்பெட்டி, 1994இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் பங்கேற்ற விபாசனாத் தியானப் பயிற்சி ஆகியன அதில் பேசப்படுகின்றன. தியானப் பயிற்சியில் சிறைப் பணியாளரும் பங்கேற்றனர். காவலருக்கும் மனம் உண்டு, அதற்கும் மருந்து தேவை என நிருவாகம் ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. எனினும் நூலின் நடை ஆதிநாத்தின் கதைமாதிரியைச் சார்ந்தது. மாற்றத்தின் எழுவாய் தலைவரே. வார்டர் மாற்றப்பட வேண்டிய பொருள்.

1981இல் திகாரில் பணியேற்ற சுனில் குப்தா, ஓய்வுக்குப் பின் சுனேத்ரா சௌதரியோடு இணைந்து 2019இல் 'பிளாக் வாரண்ட்' நூலை வெளியிட்டார். 2025இல் அது தொடராகவும் எடுக்கப்பட்டது. மரண தண்டனையை நிறைவேற்ற நீதிமன்றம் விடுக்கும் ஆணையே தலைப்பாயிற்று. தம் பணிக்காலத்தில் எட்டுத் தூக்குகளைக் கண்டவர் அவர். இங்கு எழுவாய் நிருவாகி அன்று, சாட்சி. தான் விரும்பாத ஒன்றைத் தன் கையொப்பத்தோடு நிறைவேறக் காணும் கடமை அவருக்கு இருந்தது. சிறையின் ஊழலையும் சலுகைகளையும் அவர் மறைக்கவில்லை. காவல் தரப்பிலிருந்து எழுதினால் அது துறைக்கு வக்காலத்தாகவே முடியும் என்போருக்கு இந்நூல் தக்க விடையாகும்.

அதே திகாரைப் பற்றிய மற்றொரு பனுவலையும் உடன் வைத்துப் படிக்க வேண்டும். 1979 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சுனில் பத்ரா (இரண்டாம்) வழக்கு, கைதி ஒருவர் நீதிபதிக்கு எழுதிய கடிதத்திலிருந்து பிறந்தது. உறவினரிடமிருந்து பணம் பறிப்பதற்காக மற்றொரு கைதியை வார்டர் ஒருவர் கொடுமைப்படுத்தினார் என்பது அக்கடிதத்தின் முறையீடு. வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு சிறைக்குள்ளும் அடிப்படை உரிமை உண்டு என நிலைநாட்டியது. வார்டரைப் பரிவோடு மட்டும் நோக்கும் வாசிப்பை இவ்வழக்கு தடுக்கிறது. அவர் ஏழை, நீண்ட நேரம் உழைப்பவர், அதே வேளையில் தன்னினும் எளியவர்மீது அளவிறந்த அதிகாரம் உடையவர். இம்மூன்றில் ஒன்றை விட்டாலும் சித்திரம் பொய்யாகும்.

எழுதாத வார்டர்

வார்டர் ஏன் எழுதவில்லை? எழுத்தறிவின்மை ஒரு காலத்தில் காரணமாக இருந்திருக்கலாம். இன்று பட்டம் பெற்றோரும் இப்பணியில் சேர்கின்றனர். எனவே வேறு காரணங்களைக் காண வேண்டும். முதலாவது, அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் அலுவல் சார்ந்த செய்திகளை இசைவின்றி வெளியிடத் தடை விதிக்கின்றன. ஜராசந்தர் புனைபெயரில் எழுதினார். குப்தா ஓய்வுக்குப் பின் எழுதினார். இரண்டாவது, அரசியல் கைதிக்குச் சிறை பெருமை. காவலருக்கு அது சொல்லிக்கொள்ளத் தயங்கும் வேலை. மூன்றாவது, ஓய்வின்மை.

மூன்றாவதைப் புள்ளிவிவரம் விளக்குகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியச் சிறைகள் தம் கொள்ளளவில் 131.4 விழுக்காடு நிரம்பியிருந்தன. கைதிகளில் நால்வருள் மூவர் விசாரணைக் கைதிகள். ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழப் பத்தில் மூன்று நிரப்பப்படாமல் இருந்தன. 2016ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேடு ஆறு கைதிகளுக்கு ஒரு காவலர் என்கிறது. எட்டு மணி நேர முறையில் மூன்றாகப் பிரித்தால், ஒரு நேரத்தில் பதினெட்டுப் பேருக்கு ஒருவர். வார விடுப்பையும் காலியிடத்தையும் நெரிசலையும் சேர்த்தால் அவ்வெண் மேலும் உயரும். விடியலில் திறத்தல், எண்ணுதல், நீதிமன்றத்துக்கு அனுப்புதல், நேர்காணலை மேற்பார்த்தல், மாலையில் மீண்டும் எண்ணிப் பூட்டுதல், இரவுச் சுற்று எனச் செல்லும் நாளில், ஒருவரைப் பெயரால் அறிவதற்குரிய நேரம் எங்குள்ளது? எண்ணிக்கை பொருந்தினால் அவர் கடமை முடிந்தது. திருத்துதல் கணக்கில் ஏறாத வேலை.

ஆயினும் பெயர்கள் மாறிவிட்டன. மேற்கு வங்கத்தின் 1992ஆம் ஆண்டுச் சட்டம் சிறையைத் 'திருத்த இல்லம்' ஆக்கியது. தமிழ்நாட்டிலும் துறையின் பெயரோடு 'சீர்திருத்தப் பணிகள்' சேர்ந்துள்ளது. நீதிபதி முல்லா தலைமையிலான குழு (1980-83) பயிற்சி, ஊதியம், குடியிருப்பு ஆகியவற்றை மேம்படுத்தவும், இந்தியா முழுமைக்குமான சிறைப்பணி ஒன்றை அமைக்கவும் பரிந்துரைத்தது. அத்தகைய பணி இன்றளவும் அமையவில்லை. சொல் மாறி, வேலை மாறாதபோது அச்சொல்லின் பொய்மையைச் சுமப்பவர் கீழ்நிலைக் காவலரே.

2024 அக்டோபரில் சிறைகளில் சாதிப் பாகுபாடு குறித்து உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இங்கு இன்றியமையாதது. சமையல், துப்புரவு ஆகியவற்றைச் சாதியால் பிரித்த கையேட்டு விதிகளை அது நீக்கியது. நீக்கப்பட்டவற்றுள், கைதியை இரவுக் காவலராக அமர்த்தும்போது நாடோடிக் குழுவினர் போன்று தப்பியோடும் இயல்பினராகக் கருதப்பட்டோரை விலக்கிய மேற்கு வங்க விதியும் ஒன்று. கைதிக் காவலர் என்னும் ஏணியில்கூட யார் ஏறலாம் என்பதைப் பிறப்பு முடிவு செய்தது என்பதற்கு இது ஆவணச் சான்று. அந்தமான் நினைவுக் குறிப்புகளில் தனிமனிதர் கருத்தாகக் கண்ட இனச் சார்பு, ஆட்சியின் விதிப்புத்தகத்தில் சட்டமாகவே இருந்தது என்பதை இதனால் உணரலாம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு அமைகின்றன. இந்தியச் சிறை எழுத்தில் காவல் பணியாளர் மூன்று நிலைகளில் தோன்றுகிறார். அரசியல் கைதியின் நினைவில் தோழராகவோ கொடியவராகவோ வருகிறார். திரையிலும் நிருவாகியின் நூலிலும் திருத்தும் தலைவராகிறார். ஜராசந்தர், குப்தா ஆகியோரிடம் சாட்சியாகிறார். இம்மூன்றும் மெய்யின் கூறுகளே. ஆனால் மூன்றிலும் வார்டர் பிறர் கண்ணுக்கும் பிறர் சொல்லுக்கும் உட்பட்டவராகவே உள்ளார். காவலரின் கொடுமையையும் அன்பையும் தனிமனிதக் குணமாகக் கண்ட எழுத்துகளைவிட, ஏணியின் அமைப்போடு சேர்த்துக் கண்டவை ஆழமுடையனவாக அமைந்துள்ளன.

இது இலக்கிய மதிப்பீடு மட்டுமன்று. சிறைச் சீர்திருத்தம் பற்றிய பொதுக்கருத்து நல்ல அலுவலரின் கதையால் உருவாகும்போது, அடுத்த நல்ல அலுவலருக்காகக் காத்திருப்பதே சீர்திருத்தம் என்றாகிறது. அவர் மாற்றலாகிச் சென்ற மறுநாளும் அதே கதவை அதே வார்டர் திறக்கிறார். அவருடைய பணி நேரம், ஊதியம், பயிற்சி, பொறுப்புக் கூறல் ஆகியவை மாறாதவரை கதவுக்கு உள்ளேயும் பெரிதாக எதுவும் மாறுவதில்லை. இவற்றைப் பேச அவர் சொல் வேண்டும்.

ஆதலின் ஓய்வுபெற்ற வார்டர்கள், பெண் காவலர்கள் ஆகியோரின் வாய்மொழி வரலாற்றைத் தொகுப்பது பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் மேற்கொள்ளத்தக்க பணியாகும். தென்மாநிலங்களின் சிறை அலுவலர்களுக்குப் பயிற்சி அளிக்க 1979இல் நிறுவப்பெற்ற நிறுவனம் வேலூரில் உள்ளது. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளின் சிறைச் சொல்வழக்கை ஒப்பிட்டுத் தொகுக்கும் ஆய்வுக்கு அது நல்ல தொடக்க இடமாக அமையும். தொகுப்போர் பேசுபவரின் பெயரை மறைக்கவும், கொடுமை பற்றிய கூற்றுகளை மெருகூட்டாமல் பதிவு செய்யவும் கடமைப்பட்டவர். மணிமேகலைக் காவலர் தாம் கண்டதை அரசனிடம் சொன்னதால் சிறைக்கோட்டம் மாறியது. இன்றைய காவலர் தாம் கண்டதை அச்சமின்றிச் சொல்வதற்குரிய இடத்தை ஆய்வுலகம் ஏற்படுத்தித் தர வேண்டும்.